பழைய பொருளை இணையத்தில் விற்கும்போது குறைகளை எவ்வளவு தூரம் எழுதுவது?

நீலநதி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வீடு மாறுவதால் மூன்று பொருள்களை இணையத்தில் விற்க வேண்டியிருக்கிறது: ஆறு ஆண்டுகள் பயன்படுத்திய மடிக்கணினி, என் அம்மா வைத்திருந்த மின் தையல் இயந்திரம், உயரமான ஒரு புத்தக அலமாரி. மூன்றும் பயன்படும் நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் ஏதோ ஒரு குறை உண்டு.

சென்ற முறை ஒரு சாப்பாட்டு மேசையை விற்க முயன்றபோது நேர்ந்ததை நினைத்துத்தான் இப்போது தயங்குகிறேன். அந்த மேசையின் ஒரு கால் பலகையோடு சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. பதிவில் நான் அதை 'வயதுக்கேற்ற சிறு தேய்மானம் உண்டு' என்று எழுதியிருந்தேன். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அந்தச் சொல்லுக்குள் விரிசலும் அடங்கிவிடும் என்றே நம்பினேன். வாங்க வந்தவர் வண்டி அமர்த்திக்கொண்டு, தூக்கிவிட ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மேசையைக் கவிழ்த்துப் பார்த்து, விரிசலை விரலால் தடவிவிட்டு, "இதை முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேனே" என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூடப் பேசவில்லை. வெறும் வண்டியோடு அவர் திரும்பிப் போனது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே இம்முறை எதையும் விடாமல் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் குறைகளை அடுக்கினால், பதிவைத் திறப்பவர் முதல் வரியோடு மூடிவிட்டுப் போய்விடுவாரோ என்ற அச்சமும் இருக்கிறது. மடிக்கணினிக்கு நான் எழுதி வைத்திருக்கும் முன்வரைவு இது:

'நல்ல நிலையில் உள்ள மடிக்கணினி. அதிகம் பயன்படுத்தவில்லை. பேட்டரி ஓரளவு நிற்கும். வெளிப்புறத்தில் சிறு கீறல்கள் உண்டு. உண்மையான தேவை உள்ளவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்.'

இதை எப்படித் திருத்துவது? தையல் இயந்திரத்தைப் பொறுத்தவரை எனக்குத் தைக்கவே தெரியாது. தெரியாத ஒரு பொருளைப் பற்றி நேர்மையாக எப்படி எழுதுவது என்பதையும் சொல்லுங்கள்.

திருகாணி எழுதியது:

வணக்கம். பழைய கணினிகளைப் பழுது நீக்கி விற்பது என் தொழில் என்பதால் மடிக்கணினியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் முன்வரைவில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வாங்குபவர் பிடித்துக்கொள்ள அதில் ஒரு தகவலும் இல்லை. 'நல்ல', 'அதிகம்', 'ஓரளவு', 'சிறு' ஆகிய நான்கு சொற்களும் உங்கள் மதிப்பீடுகள். மேசையிலும் இதுதான் நடந்தது: விரிசல் என்பது நீங்கள் கண்ணால் கண்டது, தேய்மானம் என்பது அதற்கு நீங்கள் இட்ட மதிப்பு. கண்டதை எழுதியிருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார், அல்லது ஆணியும் பசையும் எடுத்துக்கொண்டு வந்திருப்பார். மதிப்பிடும் வேலையை வாங்குபவரிடம் விட்டுவிட்டு, கண்டதையும் அளந்ததையும் மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டால் உங்கள் தயக்கத்தில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் ஆறு ஆண்டுப் பழைய மடிக்கணினி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். விண்டோஸ் கணினியாக இருந்தால், கட்டளைச் சாளரத்தின் வழியாகப் பேட்டரி அறிக்கை ஒன்றை உருவாக்க முடியும். அதில் பேட்டரி புதிதாக இருந்தபோது வடிவமைக்கப்பட்ட கொள்ளளவும், இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவும் தனித்தனி வரிகளில் இருக்கும். எடுத்துக்காட்டாக முதல் எண் 48,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 31,200 என்று வந்தால், பேட்டரி தன் தொடக்கக் கொள்ளளவில் 65 விழுக்காட்டைத்தான் தாங்குகிறது என்று பொருள். அந்த எண்ணை அப்படியே பதிவில் எழுதுங்கள். அதோடு நிற்காமல், ஒரு நாள் முழுதாக மின்னேற்றி, திரையின் வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, இணையம் பார்ப்பது, எழுதுவது போன்ற வழக்கமான வேலைகளைச் செய்து, எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பாதி வெளிச்சத்தில், இணைய இணைப்போடு 2 மணி 40 நிமிடம் ஓடியது' என்ற வரியைப் படிப்பவர் உங்களிடம் பேட்டரியைப் பற்றி மேலும் ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிராது.

'அதிகம் பயன்படுத்தவில்லை' என்பதை நீக்கிவிடுங்கள். லித்தியம் அயனிப் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மூப்படையும். முழுதாக ஏற்றிய நிலையில் வெப்பமான இடத்தில் கிடந்தால் இன்னும் விரைவாக மூப்படையும். ஆகவே அந்தச் சொற்றொடர் பொருளின் நிலையைப் பற்றி எதையும் உறுதி செய்வதில்லை. எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் அதற்கும் ஓர் அளவு இருக்கிறது: கணினிக்குள் இருக்கும் வன்தட்டு தான் இதுவரை எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்ற கணக்கைத் தானே வைத்திருக்கும், அதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உண்டு.

பிறகு, வகைப்பெயரை முழுமையாக எழுதுங்கள். ஒரே பெயரில் ஒரே நிறுவனம் பல ஆண்டுகளாக வெவ்வேறு உள்ளுறுப்புகளோடு கணினிகளை விற்கும் என்பதால் பெயர் மட்டும் போதாது. செயலி, நினைவகம், சேமிப்பகம், திரையின் அளவு ஆகியவை தேவை. வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் எதையாவது செருகிப் பாருங்கள். திரை முழுவதையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமாக நிரப்பினால், வேலை செய்யாத புள்ளி ஏதேனும் இருந்தால் ஒரு நிறத்திலாவது கண்ணில் படும். இவையெல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலைதான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். சோதிக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் 'சோதிக்கவில்லை' என்று எழுதுவது நேர்மை. வேலை செய்யாது என்று தெரிந்த ஒன்றைச் 'சோதிக்கவில்லை' என்று எழுதுவது பொய். என்னிடம் பழுதுக்கு வரும் பொருள்களில் இந்தச் சொல்லை நம்பி வாங்கப்பட்டவை ஏராளம். அவற்றைக் கொண்டு வருபவர்களின் முகத்தைப் பார்த்துச் செலவைச் சொல்வது எளிதாக இருப்பதில்லை.

கடைசி வரியையும் எடுத்துவிடுங்கள். இன்னும் எதுவும் செய்யாத ஒருவரை முன்கூட்டியே கடிந்துகொள்வது போல அது இருக்கிறது. கணினியைக் கொடுப்பதற்கு முன் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, இயங்குதளத்திலேயே உள்ள மீட்டமைப்பு வசதியில் கோப்புகளை அகற்றுவதோடு வட்டையும் துடைக்கும் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை வெறுமனே நீக்கினால் அவற்றை மீட்டெடுக்க வழி இருக்கிறது.

ஊசிமுனை எழுதியது:

தையல் இயந்திரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்களுக்குத் தைக்கத் தெரியாது என்பதைப் பதிவிலேயே எழுதுங்கள், அது குறையாகாது. ஆனால் தைக்கத் தெரிந்த ஒருவரை அரை மணி நேரம் அழைத்து உட்கார வையுங்கள். வெள்ளைத் துணி ஒன்றை இரண்டாக மடித்துக்கொண்டு, மேல்நூலுக்குச் சிவப்பும் அடிநூல் சுற்றும் பாபினுக்கு நீலமும் போட்டு, முதலில் நேர்த்தையல் ஒரு சாண் நீளம், அதன் அருகிலேயே வளைவுத்தையல் (ஜிக்ஜாக்) ஒரு சாண் நீளம் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு துணியின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் தனித்தனியாக, நெருக்கமாகப் படமெடுங்கள்.

இரண்டு நிறம் ஏன் என்றால், நூல் இறுக்கம் சரியாக இருந்தால் இரண்டு நூல்களும் துணிக்கு நடுவில்தான் பின்னிக்கொள்ளும். நேர்த்தையலின் மேற்புறத்தில் சிவப்பு மட்டும், அடிப்புறத்தில் நீலம் மட்டும் தெரியும். அடிப்புறத்தில் சிவப்பு நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூலின் இறுக்கம் தளர்ந்திருக்கிறது, அல்லது நூலைக் கோத்த முறை தவறு. தைக்கத் தெரிந்த எவரும் அந்த இரண்டு படங்களைப் பார்த்த கணத்தில் இயந்திரத்தின் நிலையைப் புரிந்துகொள்வார். 'நன்றாகத் தைக்கும்' என்று நீங்கள் பத்து முறை எழுதினாலும் அந்தத் துணித்துண்டு சொல்வதைச் சொல்ல முடியாது. வாங்க வருபவரிடம் அந்தத் துணியையே கொடுத்துவிடுங்கள்.

கால்மிதியை மெல்ல அழுத்தும்போது மெல்லவும் வேகமாக அழுத்தும்போது வேகமாகவும் ஓடுகிறதா என்பதை ஒலியோடு ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து வையுங்கள். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று கணிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மா பயன்படுத்தியது என்கிறீர்கள். கடைசியாக எந்த ஆண்டு ஓட்டினார், யாராவது பழுது பார்த்தார்களா என்பது நினைவிருந்தால் அதையும் சேருங்கள்.

ஒளிவிலகல் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு படங்களைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். பொருளை முதலில் துடைத்துவிடுங்கள். தூசி படிந்த பொருளின் படத்தில் எது அழுக்கு, எது கீறல் என்று பிரித்தறிய முடியாது. சன்னலோரத்துப் பகல் வெளிச்சமே போதும்.

கீறலைப் படமெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேர் எதிரிலிருந்து ஒளி விழுந்தால் கீறல் மறைந்துபோகும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழுந்தால் அதன் விளிம்பில் நிழல் தங்கி அப்படியே எழுந்து தெரியும். மறைக்க நினைப்பவர்கள் முதல் முறையைத் தெரிந்தே செய்கிறார்கள். நீங்கள் பொருளை மெல்லத் திருப்பி, கீறல் மிகத் தெளிவாகத் தெரியும் கோணத்தில் நிறுத்தி, அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். '4 செ.மீ. நீளம், நகத்தால் தடவினால் சிக்குகிறது' என்று படத்தின் கீழ் எழுதினால் அதன் ஆழமும் புரிந்துவிடும். அதே கீறல் இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எப்படித் தெரிகிறது என்பதற்கும் ஒரு படம் வையுங்கள், ஏனென்றால் நெருக்கத்தில் எடுத்த படம் மட்டும் இருந்தால் குறை உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். அதுவும் உண்மைக்கு மாறானதுதான்.

நிறுவனத்தின் விளம்பரப் படத்தை எடுத்துப் போடாதீர்கள். விற்பது உங்களிடம் இருக்கும் அந்த ஒரு பொருளை. அதன் படம்தான் வேண்டும். கணினியின் அடிப்புறத்தை எடுக்கும்போது வரிசை எண்ணின் கடைசிச் சில இலக்கங்களை மறைத்துவிடுங்கள். நேரில் வருபவருக்கு முழு எண்ணையும் காட்டலாம். உங்கள் கைப்பேசியில் இருப்பிடப் பதிவு இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் படக்கோப்புக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும் என்பதால், படமெடுப்பதற்கு முன் அதை நிறுத்திவிடுவது நல்லது.

பழையதாள் எழுதியது:

நான் பெரும்பாலும் வாங்குபவன், குறிப்பாகப் பழைய கேமராக்களையும் லென்சுகளையும். உங்கள் அச்சத்துக்கு வாங்குபவரின் பக்கத்திலிருந்து பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஒருமுறை 'கண்ணாடி தெளிவாக உள்ளது' என்று எழுதப்பட்ட லென்சு ஒன்றை அஞ்சலில் வாங்கினேன். கையில் எடுத்துப் பார்த்தபோது தெளிவாகத்தான் இருந்தது. லென்சுக்குள் ஒளி புகும் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தபோதுதான், உட்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூலைப் போலப் பூஞ்சை கிளைவிட்டிருந்தது தெரிந்தது. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவர் விளக்கடித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் 'வெறுங்கண்ணால் பார்த்தேன், விளக்கடித்துப் பார்க்கவில்லை' என்று அவர் எழுதியிருந்தால், கேட்டுத் தெளிந்துகொண்டிருப்பேன். எப்படிப் பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதுவது அதனால்தான் முக்கியம்.

பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் பழைய கார்ச் சந்தையை வைத்து இதையே விளக்கினார். வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் கொடுக்கத் துணிவார். அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் விலகிக்கொள்ள, சந்தையில் மோசமானவையே மிஞ்சும். 2001-இல் அவர் வேறு இருவரோடு பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு இந்த ஆய்வு ஓர் அடிப்படை. நீங்கள் குறையை அளந்து எழுதும்போது அந்த அறியாமை நீங்குகிறது. 'ஓரளவு நிற்கும்' என்று படித்தால் நான் பேட்டரி செத்துவிட்டது என்றே கணக்கிட்டு விலை கேட்பேன். 65 விழுக்காடு என்று படித்தால் அந்த 35 விழுக்காட்டை மட்டுமே கழிப்பேன்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே எடையோடு அடுக்குவதை நான் ஏற்கவில்லை. ஒரு பதிவில் பதினான்கு கீறல்களை வரிசையாக எழுதிவிட்டு, பதினைந்தாவதாக 'சில நேரம் தானாக அணைந்துவிடுகிறது' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் இருந்தது என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது மறைத்ததற்குச் சமம். வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவையே மாற்றக்கூடிய குறை முதல் மூன்று வரிகளுக்குள் வர வேண்டும். கீறல்களைப் படங்கள் சொல்லட்டும்.

உங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தைக் குறையை எழுதிக்கூட விற்கக் கூடாது. உள்ளிருக்கும் நுரை ஒரு முறை நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. நசுங்கியது வெளியே தெரியாது.

நீலநதி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள்களாக இதே வேலையாக இருந்தேன். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபோது, இதுவரை நானே கவனித்திராத ஒரு குறை தெரியவந்தது. மடிக்கணினிக்கான புதிய பதிவு இது:

'ஆறு ஆண்டுகள் ஒருவரே பயன்படுத்திய 14 அங்குல மடிக்கணினி. முக்கியக் குறைகள் இரண்டு: பேட்டரி தொடக்கக் கொள்ளளவில் 61 விழுக்காடுதான் தாங்குகிறது (பாதி வெளிச்சத்தில் 2 மணி 15 நிமிடம் ஓடியது, அறிக்கையின் படம் இணைப்பில்), வலப்பக்க ஷிஃப்ட் விசையை ஓரத்தில் அழுத்தினால் பதிவதில்லை, நடுவில் அழுத்தினால் பதிகிறது. மற்ற விசைகள், திரை, ஒலிபெருக்கி, கேமரா, மூன்று யுஎஸ்பி துளைகள் ஆகியவற்றை இந்த வாரம் சோதித்தேன்; வேலை செய்கின்றன. நினைவக அட்டைக்கான துளையைச் சோதிக்கவில்லை, என்னிடம் அட்டை இல்லை. மூடியின் மேல் 4 செ.மீ. கீறல் ஒன்று, படம் 5. மின்னேற்றி கணினியோடு வந்ததே. செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றின் விவரம் கீழே.'

தையல் இயந்திரத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்துத் துணியில் ஓட்டிப் பார்த்தோம். நேர்த்தையல் சரியாக வந்தது. வளைவுத்தையலின் அடிப்புறத்தில் சிவப்பு வளையங்கள் தெரிந்தன. நூலைக் கழற்றி மீண்டும் கோத்ததும் வளையங்கள் குறைந்தன, முழுதாக மறையவில்லை. இரண்டு படங்களையும் போட்டு, நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்.

புத்தக அலமாரிக்கு எழுதியது: 'துகள் பலகையால் ஆனது, மேலே மர நிறத் தாள் ஒட்டியது. உயரம் 180 செ.மீ., அகலம் 90 செ.மீ., ஆழம் 30 செ.மீ. தரை துடைத்த ஈரத்தால் இடப்பக்க அடிவிளிம்பு 12 செ.மீ. நீளத்துக்கு உப்பியிருக்கிறது; நேராக நிற்கிறது, ஆடவில்லை.' இதில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

திருகாணி எழுதியது:

மடிக்கணினிப் பதிவில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். அலமாரிக்கு இரண்டு சேருங்கள்: பிரித்து எடுத்துச் செல்ல முடியுமா, ஒரே துண்டா என்பது ஒன்று, முடியும் என்றால், திருகுகளைக் கழற்றி மீண்டும் மாட்டினால் துகள் பலகையில் பிடிமானம் தளரும் என்பதையும் குறிப்பிடுங்கள். எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா என்பது மற்றொன்று. மேசைக்கு வந்தவரைப் போல வண்டியும் ஆளும் அமர்த்திக்கொண்டு வருபவருக்கு, உப்பிய விளிம்பைவிட அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நீலநதி எழுதியது:

இரண்டாவது மாடி, மின்தூக்கி இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தை அளந்தேன், 95 செ.மீ. இருக்கிறது. ஒரே துண்டாகத்தான் இறக்க வேண்டும், இரண்டு பேர் தேவை. மூன்றையும் முதல் வரியில் சேர்த்துவிட்டேன்.